தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய ரஷ்ய நகைகள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையோடு அச்சான, நகையின் தூய்மைக்குச் சான்றாக அடிக்கும் அரசு முத்திரையின் படத்தைப் பற்றியே முதலில் எழுதுகிறோம். அதில் தலைப்பாகை போன்ற அணி தரித்த ஒரு பெண்ணின் தலை, நம் பார்வையில் இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. அருகில் ஒரு சின்ன முக்கோணம். படத்தின் கீழே '1899–1908' என்று குறிப்பு. இவை மூன்றும் ஒரே முத்திரையில் சேர்ந்து வரவே முடியாது.

அந்த முக்கோணம் கிரேக்க எழுத்தான டெல்டா. மாஸ்கோவில் மாற்றை, அதாவது உலோகத்தின் தூய்மையை, பரிசோதிக்கும் அலுவலகத்தின் அடையாளம். கிரேக்க எழுத்துகள் ரஷ்ய முத்திரையில் நுழைந்தது 1908-ல். அதே ஆண்டில் பெண்ணின் முகமும் வலப்பக்கம் திரும்பிவிட்டது. ஆகவே படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறது. நகை 1908-க்குப் பிந்தையது. முக்கோணத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் முக்கோணம்தான், அதனால் யார் கண்ணிலும் படவில்லை. பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய எண்ணைப் படத்தோடு சேர்த்து அச்சிட்டிருந்தால், அது கண்ணாடியில் பார்த்த எண்ணாகத் தெரிந்து அப்போதே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

கட்டுரையில் இன்னும் இரண்டு பிழைகள் உண்டு. '56 என்ற எண் நூற்றுக்கு 56 பங்கு தங்கம்' என்பது ஒன்று. 'பெண் தலை இருந்தால் ஜார் காலத்து நகை' என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் நம்பிப் பணம் கொடுத்தவர்கள் நிறையப் பேர் என்பதால் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

எண்ணிலிருந்து தொடங்குவோம். ரஷ்யப் பேரரசில் மாற்றை அளந்தது ஸொலோத்னிக் என்ற அலகில். ஒரு ரஷ்யப் பவுண்டுக்கு 96 ஸொலோத்னிக். ஒரு ஸொலோத்னிக் 4.266 கிராம். 96 பங்கும் தங்கமாக இருந்தால் சொக்கத் தங்கம். 56 என்றால் 96-ல் 56 பங்கு, அதாவது ஆயிரத்துக்கு 583. காரட்டில் சொல்ல மனக்கணக்கு போதும்: முத்திரை எண்ணை நான்கால் வகுத்துவிடுங்கள். 56 என்றால் 14 காரட், 72 என்றால் 18 காரட், 92 என்றால் 23 காரட். காரட் 24 பங்கு, ஸொலோத்னிக் 96 பங்கு, விஷயம் அவ்வளவுதான். பேரரசுக் காலத்துத் தங்க நகைகளில் பெரும்பாலும் கண்ணில் படுவது 56. 72 அங்கொன்றும் இங்கொன்றும் கிடைக்கும். அதற்கு மேலுள்ளவை அரிது.

வெள்ளிக்கு 84, 88, 91. இவை முறையே ஆயிரத்துக்கு 875, 916, 947. இதில் 84 தான் சர்வசாதாரணம். 88-ம் 91-ம் எனாமல் வேலைப்பாடு உள்ள உயர்ந்த பொருட்களில் அதிகம் தென்படும். மஞ்சளாக மின்னும் புரோச்சில் 84 இருந்தால் '21 காரட் தங்கம்' என்று வகுத்துப் பார்த்து மகிழ வேண்டாம். 84 வெள்ளிக்கு உரிய எண். கையில் இருப்பது தங்க முலாம் பூசிய வெள்ளி. இன்னொரு எச்சரிக்கை: ஈரான் வெள்ளியிலும் 84 என்ற எண் அடித்திருப்பார்கள். எண்ணோடு ரஷ்யச் சின்னம் எதுவும் இல்லாமல் 84 மட்டும் தனித்து நின்றால் ரஷ்யப் பொருள் என்று முடிவுகட்டக் கூடாது.

இரண்டு இலக்க எண்ணா, மூன்று இலக்க எண்ணா என்பதே காலத்தைப் பிரிக்கும் முதல் கோடு. இரண்டு இலக்கம் ஸொலோத்னிக் கணக்கு. மூன்று இலக்கம் ஆயிரத்தில் பங்கு சொல்லும் மெட்ரிக் கணக்கு. சோவியத் ஆட்சியில் 1927-ல் வந்த புது முத்திரையில் அந்தக் கணக்குதான். அந்த முத்திரையில் பெண் தலைக்குப் பதில் சுத்தியலோடு ஒரு தொழிலாளியின் தலை. 1958-ல் அதுவும் போய், சுத்தியலும் அரிவாளும் உள்ளே பொறித்த ஐந்து முனை நட்சத்திரம் வந்தது. 583 என்ற எண்ணோடு நட்சத்திரம் இருந்தால் சோவியத் காலத்தின் பிற்பகுதி. தொழிலாளி தலை தேய்ந்துபோனால் சில நேரம் பெண் தலைபோல மயக்கும். அப்போது எண்ணைப் பாருங்கள், மயக்கம் தெளிந்துவிடும்.

சோவியத் யூனியன் கலைந்தபின் 1994-ல் ரஷ்யா மறுபடி பெண் தலைக்கே திரும்பியது. வலப்பக்கம் பார்க்கும், தலையணி தரித்த அதே பெண் தலை, பக்கத்தில் 585 போன்ற மூன்று இலக்க எண், அலுவலகத்தைக் குறிக்கும் ஒரு ரஷ்ய எழுத்து. போன மாதம் தொழிற்சாலையிலிருந்து வந்த மோதிரத்திலும் அந்தத் தலை இருக்கும். 'பெண் தலை இருந்தால் ஜார் காலம்' என்ற வாக்கியத்தின் கதி இது.

இனி அந்தத் தலையின் வரலாறு. கோகோஷ்னிக் என்பது ரஷ்யப் பெண்கள் விழாக்களில் அணியும், பிறைபோல் உயர்ந்து நிற்கும் தலையணி. 1896-ல் வந்த புதிய மாற்றுச் சட்டம், ஊருக்கொரு சின்னம் என்றிருந்த பழைய முறையை நீக்கி நாடு முழுவதற்கும் இந்தத் தலையை வைத்தது. நடைமுறைக்கு வந்தது 1899 வாக்கில். அதனால்தான் சில வியாபாரிகள் 1896 என்றும் சிலர் 1899 என்றும் சீட்டில் எழுதுகிறார்கள். முதல் வகையில் முகம் இடப்பக்கம் பார்க்கும்; பரிசோதனை வட்டாரத் தலைமை அதிகாரியின் பெயரெழுத்துகள் கூடவே இருக்கும். 1908 முதல் முகம் வலப்பக்கம். பெயரெழுத்துக்குப் பதில் கிரேக்க எழுத்து. ஆல்பா பீட்டர்ஸ்பர்க், டெல்டா மாஸ்கோ, கப்பா ஒடெஸ்ஸா. பீட்டர்ஸ்பர்க் நகரம் 1914-ல் பெத்ரோகிராத் ஆனபோதும் ஆல்பா ஆல்பாவாகவே இருந்தது.

அதிகாரிகளின் பெயரெழுத்துகள் காலத்தை இன்னும் நெருக்கிக் கொடுக்கும். பீட்டர்ஸ்பர்க்கில் யாக்கவ் லியாபுனோவ் 1899 முதல் 1903 வரை, அவருக்குப்பின் ரிஹ்தர் 1908 வரை. மாஸ்கோவில் இவான் லெபெத்கின் 1899 முதல் 1908 வரை. சிரிலிக் எனப்படும் ரஷ்ய எழுத்து படிக்கத் தெரியாதவர்களும் இவற்றை வடிவத்தால் அடையாளம் காணலாம். லியாபுனோவின் முதல் எழுத்து, ஆங்கில ஆர் எழுத்தைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் இருக்கும். லெபெத்கினின் முதல் எழுத்து, ஆங்கில என் எழுத்தைத் திருப்பிப் போட்டது. இருவருக்கும் இரண்டாவது எழுத்து கீழே கால் விரித்த கூடாரம் மாதிரி. ரிஹ்தருடையது பார்வைக்கு ஆங்கில ஏ, பி (A, P) போலவே இருக்கும். ஆனால் அந்த 'பி' ரஷ்ய மொழியில் ர. 'ஏ.பி. என்ற நகைத் தொழிலாளி' என்று விற்பனைக் குறிப்புகளில் எழுதியிருப்பதைப் பார்த்தால், பாதிக்குமேல் அது ரிஹ்தர்தான்.

படம் இடவலம் மாறியிருக்கிறதா என்று சோதிக்கவும் இந்த எழுத்துகளே உதவும். முத்திரைப் படத்தில் சரியான ஆங்கில ஆர் எழுத்தோ என் எழுத்தோ கண்ணில் பட்டால், படம் திரும்பியிருக்க வாய்ப்புண்டு. மெழுகிலோ களிமண்ணிலோ முத்திரையை அழுத்தி எடுத்த அச்சும் இப்படித்தான் திரும்பும். சில கைபேசிகளின் முன்பக்கக் கேமராவும் அப்படியே. தலை எந்தப் பக்கம் என்பதை எப்போதும் உலோகத்தில் நேராகப் பார்த்தே எழுதிக்கொள்ள வேண்டும். இடம், வலம் என்பது அந்தப் பெண்ணுக்கல்ல, பார்க்கிற நமக்கு.

1899-க்கு முந்தைய நகைகளுக்கு வேறு வழி. மாற்று முத்திரை அடிக்கும் முறையை முதலாம் பீட்டர் 1700-ல் ஆணையிட்டுத் தொடங்கிவைத்தார். அதன்பின் இரு நூற்றாண்டுகள் ஊர்ச்சின்னங்களின் காலம். மாஸ்கோவுக்குக் குதிரைமீதிருந்து நாகத்தைக் குத்தும் புனித ஜார்ஜ். பீட்டர்ஸ்பர்க்குக் குறுக்காகப் போட்ட இரண்டு நங்கூரங்களும் நடுவே செங்கோலும். முழு முத்திரை வரிசையில் ஊர்ச்சின்னம், மாற்று எண், மாற்றுப் பார்த்தவரின் பெயரெழுத்து, அதன் கீழே ஆண்டு, செய்தவரின் பெயரெழுத்து என ஐந்தும் இருக்கும். ஆண்டு நேரடியாகவே பொறித்திருப்பதால் ஊகமே தேவையில்லை. மாஸ்கோவில் விக்தர் சவின்கோவ் 1855 முதல் 1888 வரை மாற்றுப் பார்த்தார். அவருடைய இரண்டு எழுத்துகள் ஆங்கில பி, சி (B, C) போலத் தோன்றினாலும் படிக்க வேண்டியது வ, ச என்று. இவ்வளவும் கரண்டி, கோப்பை, சிகரெட் பெட்டி போன்ற பெரிய பொருட்களில் கிடைக்கும். மோதிரத்திலும் தோட்டிலும் இடமில்லாமல் ஊர்ச்சின்னமும் எண்ணும் மட்டும் அடித்து விட்டிருப்பார்கள். அப்போது 'பத்தொன்பதாம் நூற்றாண்டு' என்பதற்குமேல் முத்திரை எதையும் சொல்லாது. கல்லின் பட்டையையும் வேலைப்பாட்டையும் பார்த்துத்தான் மேற்கொண்டு போக வேண்டும்.

அடுத்தது செய்தவரின் முத்திரை. இதுதான் விலையை ஏற்றுகிறது. எனவே பொய்யும் இங்கேதான் குடியிருக்கிறது.

பீட்டர்ஸ்பர்க்கின் புகழ்பெற்ற நகை நிறுவனமான ஃபாபெர்ஜேயையே எடுத்துக்கொள்வோம். பீட்டர்ஸ்பர்க்கில் நகைகளைச் செய்தவர்கள் தனித்தனிப் பட்டறைத் தலைவர்கள். அவர்களின் பெயரெழுத்து நகையில் இருக்கும், கூடவே நிறுவனப் பெயர் ரஷ்ய எழுத்தில். மாஸ்கோ கிளை 1887-ல் தொடங்கியது. அங்கே பட்டறைத் தலைவர் பெயர் வராது, நிறுவனப் பெயரின் முழு வடிவமும் அதன் மேலே அரசவை விற்பனையாளர் என்பதற்கான இரட்டைத் தலைக் கழுகும் வரும். அந்தக் கழுகு உரிமை நிறுவனத்துக்குக் கிடைத்தது 1885-ல். ஆகவே கழுகும் பீட்டர்ஸ்பர்க் பட்டறைத் தலைவர் பெயரும் ஒரே தங்க நகையில் சேர்ந்திருந்தால் பொதுவாகச் சந்தேகப்பட வேண்டும். 1880 என்று ஆண்டு பொறித்த பொருளில் கழுகு இருந்தால் சந்தேகம்கூடத் தேவையில்லை.

மிக்கயில் பெர்ஹின் என்ற பட்டறைத் தலைவரின் முத்திரை, எம் எழுத்தும் வாசற்கால் போல இரண்டு தூணும் ஒரு உத்தரமும் கொண்ட ரஷ்யப் 'ப' எழுத்தும். அவர் 1886-ல் தலைமைப் பட்டறையை ஏற்று 1903-ல் இறந்தார். அவர் முத்திரையோடு லியாபுனோவின் எழுத்தும் இடப்பக்கத் தலையும் சேர்ந்தால் நகையின் காலம் 1899-க்கும் 1903-க்கும் இடையே நான்கே ஆண்டுகளில் அடங்கிவிடுகிறது. அதே பெர்ஹின் முத்திரையோடு வலப்பக்கத் தலையும் ஆல்பாவும் இருந்தால்? இறந்தவர் ஐந்தாண்டு கழித்து நகை செய்ததாக ஆகும். கள்ள முத்திரை அடிப்பவர்கள் புகழ்பெற்ற பெயரையும், படத்தில் அழகாகத் தெரியும் தலையையும் தேர்ந்தெடுத்துச் சேர்த்துவிடுகிறார்கள். ஆண்டுக் கணக்கை யாரும் கூட்டிப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியம்.

ஆனால் இந்தக் கணக்கை எல்லோருக்கும் கண்மூடிப் பொருத்திவிடவும் கூடாது. ஆகுஸ்ட் ஹோல்ம்ஸ்ட்ரோம் இறந்ததும் அதே 1903-ல்தான். ஏ, எச் என்ற அவருடைய முத்திரையை மகன் ஆல்பர்ட் அப்படியே தொடர்ந்து பயன்படுத்தினார். வலப்பக்கத் தலையோடு ஏ, எச் இருந்தால் அது பிழையல்ல, மகன் காலத்து வேலை. ஆல்மா பில் வரைந்த பனித்துகள் நகைகள் இந்த மகனின் பட்டறையில் பிறந்தவையே. இன்னொரு குழப்பம்: ஆகுஸ்ட் ஹோல்மிங் என்பவருக்கும் ஏ, எச் தான். இருவரையும் பிரிக்க ஹோல்மிங் இரண்டு எழுத்துக்கும் நடுவே ஒரு நட்சத்திரம் வைத்தார். தேய்ந்த நகையில் அந்த நட்சத்திரம் வெறும் புள்ளியாகத் தெரியும். ஏ, டி (A, T) என்றால் தீலெமன், திலாண்டர் இருவரில் யாராகவும் இருக்கலாம். திலாண்டர் தனிக்கடை வைத்திருந்தவர். ஃபாபெர்ஜே பெயரும் கூட இருந்தால் மட்டுமே தீலெமன் பக்கம் சாய வேண்டும். பெர்ஹினுக்குப்பின் வந்த ஹென்ரிக் விக்ஸ்ட்ரோமின் எச், டபிள்யூ லத்தீன் எழுத்தில்தான் இருக்கும். சிரிலிக்கில் டபிள்யூ எழுத்தே கிடையாது.

பொருட்பட்டியல் எண்ணையும் பாருங்கள். பீட்டர்ஸ்பர்க் ஃபாபெர்ஜே நகைகளில் அது மெல்லிய ஊசியால் கையால் கீறியிருக்கும்; அச்சடித்த எண் மாஸ்கோப் பொருட்களின் வழக்கம்.

மாஸ்கோவின் பெரிய வெள்ளி வேலைக்காரர்களான ஒவ்சினிக்கோவ், ஹ்லெப்னிக்கோவ், சாஸிக்கோவ் போன்றோரின் முழுப்பெயர் முத்திரைகளில் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். 1918 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் மெய்யொலியில் முடியும் ரஷ்யச் சொல்லின் இறுதியில் உச்சரிப்பு இல்லாத 'கடினக்குறி' ஒன்று எழுதுவார்கள். ஆங்கிலச் சிற்றெழுத்து பி (b) போல இருக்கும். அதன் உச்சியில் இடப்பக்கம் ஒரு சிறு வால். பேரரசுக் காலம் என்று சொல்லும் நகையில் இந்தப் பெயர்கள் கடினக்குறி இல்லாமல் முடிந்தால், முத்திரையைச் செதுக்கியவர் பள்ளியில் புது எழுத்து முறை படித்தவர் என்று சந்தேகிக்கலாம். ஃபாபெர்ஜே என்ற பெயர் உயிரொலியில் முடிவதால் அதற்கு இந்தக் குறி கிடையாது. இருந்தால் அதுவே தவறு.

இனி நகையைக் கையில் எடுத்துப் பார்க்கும் முறை. முத்திரையைத் தெளிவாக்குகிறேன் என்று பாலிஷ் போடாதீர்கள். அரிசி மணியைவிடச் சிறிய முத்திரையில் ஒரு தடவை தேய்த்தாலே பெயரெழுத்தின் ஒரு கோடு போய்விடும். வாசற்கால் கூடாரமாகி, ப என்பது ல ஆகிவிடும். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு சோப்பு, குழந்தைகள் பல் துலக்கும் மென்மையான தூரிகை, பருத்தித் துணியில் ஒற்றுதல், இவ்வளவு போதும். எனாமலோ முத்தோ இருந்தால் நீரில் ஊறவைக்கவும் கூடாது. அல்ட்ராசோனிக் தொட்டி பக்கமே போகக் கூடாது. வெடித்த எனாமலுக்குள் நீர் புகுந்தால் அடியிலிருந்து அது விட்டுக்கொண்டு வந்துவிடும்.

10 மடங்கு லென்ஸ் போதுமானது. வெளிச்சம்தான் முக்கியம். மேலிருந்து நேராக விழும் வெளிச்சத்தில் தேய்ந்த முத்திரை தட்டையாகத் தெரியும். சின்ன டார்ச்சை நகையின் மட்டத்துக்கே தாழ்த்தி, பக்கவாட்டில் படும்படி பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு கோணத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். முத்திரையின்மேல் வாயால் ஊதி ஆவி படரவிட்டாலும் அது மறையும் இரண்டொரு விநாடியில் கோடுகள் பளிச்சென்று தெரியும்.

புரோச்சில் சட்டத்தின் விளிம்பு, ஊசி, கொக்கி. தோட்டில் காதுக்குள் போகும் கம்பி. பதக்கத்தில் தொங்கும் வளையம். சங்கிலியில் இரு முனை வளையங்களும் பூட்டும். மோதிரத்தில் உள்பக்கத்தோடு வளையத்தின் வெளிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். கழன்று வரும் பாகங்களுக்குத் தனியாக ஒரு சிறு முத்திரை அடிப்பது வழக்கம். முழு வரிசை பெரிய பாகத்தில் இருக்கும். ஊசியில் மட்டும் முத்திரை இருந்து சட்டத்தில் ஒன்றுமே இல்லையென்றால், நல்ல ஊசி வேறு நகையிலிருந்து வந்திருக்கக்கூடும். சட்டத்தில் முத்திரை இருந்து ஊசி வெறுமையாக இருந்தால் அவ்வளவு கவலை வேண்டாம். ஊசி உடையும், யாரோ மாற்றியிருப்பார்கள்.

அசல் முத்திரை எஃகு அச்சை வைத்துச் சுத்தியலால் அடித்தது. உலோகம் அமுங்கி விளிம்பில் சற்றே பிதுங்கியிருக்கும். குழியின் தரை தட்டையாக, ஓரங்கள் கூராக இருக்கும். மெல்லிய தகடானால் பின்பக்கம் லேசான புடைப்பும் தெரியும். அசல் நகையை அச்சாக வைத்து வார்த்த போலியில் முத்திரையும் நகையோடு வார்ப்பாகவே வந்திருக்கும். அதன் ஓரங்கள் சோப்புக்கட்டிபோல மழுங்கியிருக்கும். குழிக்குள் மணல்போலச் சிறு முடிச்சுகளும் ஊசித்துளைகளும் காணலாம். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் முத்திரை அசலைவிடக் கொஞ்சம் சிறிதாகவும் இருக்கும். தேய்மானத்திலும் ஒரு நியாயம் வேண்டும். உடம்பில் உரசும் மேடுகள் தேய்ந்திருக்க, பள்ளத்தில் உள்ள முத்திரை கூர்மையாக இருக்கலாம். ஆனால் மேட்டில் உள்ள முத்திரை கூர்மையாகவும் பள்ளத்து வேலைப்பாடு மழுங்கியும் இருந்தால் அந்த முத்திரை நேற்று வந்தது.

மிகத் தந்திரமானது அசல் முத்திரையை வெட்டி ஒட்டும் வித்தை. பழைய வெள்ளிக் கரண்டி மலிவாகக் கிடைக்கும்; அதில் 84, ஊர்ச்சின்னம், ஆண்டு எல்லாமே அசல். அந்த இடத்தைச் சிறு சதுரமாக வெட்டிப் புது புரோச்சின் பின்பக்கத்தில் பற்றவைத்துவிடுவார்கள். முத்திரையை எவ்வளவு பார்த்தாலும் அது அசலாகவே இருக்கும், ஏனென்றால் அது அசல்தான்! பார்க்க வேண்டியது முத்திரையைச் சுற்றி. ஆவி படர ஊதினால் பற்றவைத்த கோடு வேறு நிறத்தில் ஒரு சட்டம்போலத் தோன்றும். கரண்டிக் காம்புக்கென்று அடித்த முத்திரை வரிசை ஒரு சின்ன புரோச்சுக்குத் தேவையின்றி நீளமாக இருப்பதும் காட்டிக்கொடுக்கும். இன்னொரு வகை, அசல் பழைய சிகரெட் பெட்டியில் புதிதாக எனாமல் ஏற்றி, புகழ்பெற்ற பெயர் ஒன்றையும் அடித்துவிடுவது. அங்கே மாற்று முத்திரை தேய்ந்திருக்கும், பெயர் மட்டும் புதுக்கருக்கு மாறாமல் இருக்கும்.

உலோகத்தைச் சோதிக்க எப்போதும் அமிலம்தான் வேண்டும் என்றில்லை. கல்லும் பொள்ளலும் இல்லாத மோதிரமானால் எடைத்தராசே போதும். காற்றில் எடை பாருங்கள். பிறகு மெல்லிய நூலில் கட்டி, பாத்திரத்தில் படாமல் நீரில் முழுக்கத் தொங்கவிட்டு எடை பாருங்கள். காற்றில் 5.30 கிராம், நீரில் 4.90 கிராம் என்றால் வேறுபாடு 0.40, 5.30-ஐ 0.40-ஆல் வகுத்தால் 13.25. செம்பு கலந்த 56 தங்கத்துக்குப் பதின்மூன்றை ஒட்டி வர வேண்டும். முலாம் பூசிய வெள்ளியானால் பத்தைச் சற்றே தாண்டும், பித்தளையானால் எட்டரை. மோதிரத்தில் ஒட்டிய காற்றுக்குமிழியே கணக்கைக் கெடுத்துவிடும் என்பதால், நீரில் இறக்கியபின் ஒருமுறை தட்டிவிட வேண்டும். நட்சத்திரமும் 583-ம் அடித்த செம்பு மோதிரங்கள் சந்தையில் திரிவதால், சோவியத் முத்திரை நகைகளுக்குத்தான் இந்தச் சோதனை அதிகம் தேவைப்படுகிறது.

முத்திரை சொல்வது அது அடிக்கப்பட்ட நாளை. நகை செய்யப்பட்ட நாளை அல்ல. பேரரசுக் காலத்து நகை சோவியத் காலத்தில் மறுபடி விற்பனைக்கு வந்தபோது அலுவலகத்தில் புது முத்திரை வாங்க வேண்டியிருந்தது. அதனால் ஒரே புரோச்சில் 56-ம் பெண் தலையும் ஒரு பக்கம், 583-ம் நட்சத்திரமும் மறுபக்கம் இருப்பதுண்டு. அது போலி அல்ல, இரண்டு ஆட்சிகளைப் பார்த்த நகை. பழைய முத்திரை பழுதுபார்த்ததில் அழிந்து நட்சத்திரம் மட்டும் மிஞ்சியிருந்தால் சோவியத் நகை என்றே தள்ளிவிடுவார்கள். பழைய பட்டை வைரமும் கைவேலைப் பதிப்பும் இருந்தால் மறுபடி யோசிக்க வேண்டும். 1931 முதல் 1936 வரை இயங்கிய தோர்க்சின் கடைகளில் மக்கள் தங்கத்தைக் கொடுத்து மாவும் சர்க்கரையும் வாங்கினார்கள். அங்கே வேலைப்பாட்டுக்கு மதிப்பில்லை, எடைக்குத்தான். அன்றாட 56 தங்க நகைகளில் எவ்வளவோ உருகிப்போனது இப்படித்தான்.

புரட்சிக்குப்பின் நாட்டைவிட்டு வெளியேறியவர்களோடு பாரிஸ் போன நகைகளில் மிகச் சிறிய ஆந்தை முத்திரை இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த தங்கத்துக்கு பிரான்சில் 1893 முதல் அடிக்கும் முத்திரை அது, வெள்ளிக்கு அன்னம். ஆந்தை இருந்தால் பிரெஞ்சு நகை என்று எழுதுவது தவறு. அந்த நகை வெளிநாட்டிலிருந்து வந்தது அல்லது மூலம் தெரியாதது என்பதைத்தான் ஆந்தை சொல்கிறது.

கல்லும் சாட்சி சொல்லும், ஆனால் ஒரு பக்கச் சாட்சிதான். யூரல் மலையின் பச்சை டிமாண்டாய்ட் கல்லுக்குள் குதிரைவால்போல் விரியும் இழைகள் இருந்தால் ரஷ்ய மூலத்துக்கு நல்ல ஆதரவு. பெரிய, பழுதே இல்லாத செந்நிறக் கல்லோ, பகலில் ஒரு நிறமும் விளக்கில் ஒரு நிறமும் காட்டும் 'அலெக்ஸாண்ட்ரைட்'டோ 583 நட்சத்திர மோதிரத்தில் இருந்தால், பெரும்பாலும் அது சோவியத் ஆலையில் செய்த செயற்கைக் குருந்தம்.

தங்கள் இணைப்பில் திருத்தம் வெளியிடும்போது அந்தப் படத்தை நேராகத் திருப்பி, தலையை மட்டும் வெட்டி எடுக்காமல் எண்ணும் எழுத்தும் சேர்ந்த முழு வரிசையாக அச்சிட வேண்டுகிறோம். படக்குறிப்பில் 1908–1917, மாஸ்கோ என்று இருக்கட்டும். தலைக்குப் பக்கத்தில் இரண்டு இலக்க எண்ணுக்குப் பதிலாக மூன்று இலக்க எண் இருந்தால் மட்டும் எங்களுக்கு ஒரு வரி தெரிவியுங்கள். அப்போது அந்த ஆண்டையும் மாற்ற வேண்டியிருக்கும், முக்கோணத்தையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
பழைய நகை மதிப்பீட்டில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்